எல்லாப்பிரகட சுப்பாராவ்

எல்லாப்பிரகட சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 - ஆகஸ்ட் 1948) புற்றுநோய் வேதிச்சிகிச்சையின் முதல் மருந்துகள் சிலவற்றை உருவாக்கிய குழுவிற்குத் தலைமை தாங்கிய இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார்.

வாழ்க்கை

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேசன் தேர்வில் மூன்றாம் முறையே, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கியுடன் அறுவைக் கூடத்திற்குச் சென்றது பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சில காலம் கற்பித்தபின் 1922 இல் பாஸ்டன் சென்றார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து பாஸ்பரஸை அளவிடும் முறையை 1925 இல் வெளியிட்டார். தசைக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூற்றையும் இருவரும் பிரித்தெடுத்தனர். எனினும் அங்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1940 இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார்.

மெத்தோட்ரெக்சேட்

லெடர்லியில் இவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமில வகைகள் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை விரைவுபடுத்துவதாகக் கண்டார். ஆகவே அதற்கு எதிரான பொருள்கள் தேவைப்பட்டன. சுப்பாராவின் குழு தந்த அமினோப்டெரினைப் பெற்ற 16 குழந்தைகளில் 10 பேர் தற்காலிகமாகத் தேறினர். இம்முடிவு ஜூன் 1948 இல் வெளியானது. இரண்டு மாதங்களில் சுப்பாராவ் தம் 53 ஆம் வயதில் காலமானார். அமினோப்டெரினை ஒத்த மெத்தோட்ரெக்சேட்டும் இக்குழுவின் ஆக்கமே. யானைக்கால் நோய்க்குரிய டி.இ.சி. மருந்தும் இங்குதான் பிறந்தது என்பது தமிழ்நாட்டில் பலர் அறியாதது.

மருந்தை எதிர்க்கும் உயிரணுக்கள்

டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்னும் நொதியுடன் மெத்தோட்ரெக்சேட் பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. இதனால் உயிரணு டி.என்.ஏ.வை உருவாக்க இயலாது. ஆனால் நோய் ஏன் திரும்பியது? ஒரு விடை 1978 இல் கிடைத்தது. மருந்தின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி வளர்க்கப்பட்ட எலி உயிரணுக்கள், அந்நொதிக்குரிய மரபணுவைப் பல படிகளாகப் பெருக்கிக்கொண்டிருந்ததை ராபர்ட் ஷிம்கியின் குழு கண்டது. மருந்து பிணைந்து தீர்ந்தாலும் நொதிப் புரதம் மிஞ்சிவிடுகிறது.

ஆய்வகத்தில் வளர்க்கப்படும் புரோஸ்டேட் புற்றுநோய் உயிரணுக்களிலும் இத்தகைய மாற்றம் காணப்படுகிறது. டோசிடாக்செல் மருந்துக்குப் பழகியவற்றுள் சில, உட்புகும் மருந்தை வெளியேற்றும் பி-கிளைக்கோபுரதத்தை மிகுதியாக உற்பத்தி செய்கின்றன.

சிறப்புகள்

சுப்பாராவ் அமெரிக்கக் குடியுரிமை பெறாமலே மறைந்தார். இவர் பெயர் ஒரு பூஞ்சைப் பேரினத்திற்குச் சூட்டப்பட்டது. இந்திய அரசு 1995 இல் அஞ்சல்தலை வெளியிட்டது.