அட்டை போட வந்த புத்தகங்கள்

பாடப்புத்தகம் கிழிந்து போனால் பைண்டிங் செய்யக் கொடுப்போம் அல்லவா? அப்படி பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே ஒரு சிறுவன் பெரிய விஞ்ஞானி ஆனான். அவன்தான் மைக்கேல் ஃபாரடே.

1791ம் ஆண்டு செப்டம்பர் 22ம் தேதி, இங்கிலாந்தில், லண்டனை ஒட்டிய நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் மைக்கேல் பிறந்தான். அப்பா கொல்லர். அவருக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். அப்போதெல்லாம் வேலையும் இல்லை, வருமானமும் இல்லை. ஒரு சமயம், ஒரே ஒரு ரொட்டியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் முழுவதையும் மைக்கேல் ஓட்ட வேண்டியிருந்தது. பள்ளியில் எழுதப் படிக்கவும், கணக்குப் போடவும் கொஞ்சம் கற்றதோடு படிப்பு நின்றது.

1804ல், ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் மைக்கேல் வேலைக்குச் சேர்ந்தான். வீடு வீடாகச் செய்தித்தாள் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வேலை. பையனின் சுறுசுறுப்பு ரீபோவுக்குப் பிடித்துப் போனது. மறு ஆண்டே, கட்டணம் எதுவும் வாங்காமல் பைண்டிங் தொழில் கற்றுக்கொள்ளச் சேர்த்துக் கொண்டார். அதற்கு ஏழு ஆண்டு பயிற்சி.

மற்றவர்கள் புத்தகங்களுக்கு அட்டை மட்டும் போட்டார்கள். மைக்கேல் அட்டையும் போட்டான். உள்ளே இருந்ததையும் படித்தான். ரீபோ அதைத் தடுக்கவில்லை.

கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதி பைண்டிங்குக்கு வந்தது. அதில் மின்சாரம் பற்றிய கட்டுரை இருந்தது. ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் நூலும் வந்தது. ஓர் ஆசிரியையும் இரண்டு சிறுமிகளும் பேசிக்கொள்வது போல எழுதப்பட்ட எளிமையான நூல் அது. மைக்கேல் அதைப் படித்ததோடு விடவில்லை. அதில் சொன்னதெல்லாம் உண்மைதானா என்று, கையில் இருந்த சில்லறைக் காசில் சின்னச் சின்ன சோதனைகள் செய்து பார்த்தான். சரியாகவே இருந்தது! அன்றுமுதல் அந்த நூல் அவனுக்கு உயிர்.

ஐசக் வாட்ஸ் என்பவர் எழுதிய இன்னொரு புத்தகம், அறிவை வளர்த்துக்கொள்ளும் வழிகளைச் சொன்னது. படித்ததையும் கேட்டதையும் குறித்து வைக்க வேண்டும், சொற்பொழிவுகளுக்குப் போக வேண்டும், நண்பர்களோடு கடிதத்தில் கருத்துகளைப் பேச வேண்டும் என்பவை அதன் யோசனைகள். மைக்கேல் மூன்றையும் அப்படியே செய்தான். தனக்கென்று ஒரு நோட்டு போட்டான். நகரில் நடந்த அறிவியல் சொற்பொழிவுகளுக்குப் போனான். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். கொல்லர் வேலை பார்த்த அண்ணன் ராபர்ட் அதைக் கொடுத்து உதவினார்.

1812ல் அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி நடத்திய சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். டேவி அந்நாளில் புகழின் உச்சியில் இருந்த வேதியியல் அறிஞர். மார்செட் தன் நூலை எழுதத் தூண்டுதலாக இருந்ததும் இதே டேவியின் பேச்சுதான்!

நான்கு சொற்பொழிவுகளையும் மைக்கேல் ஆர்வமாகக் கேட்டுக் குறிப்பெடுத்தான். வீட்டுக்கு வந்து, அழகாக எழுதி, படங்கள் வரைந்து, தானே பைண்டிங் செய்தான். அவ்வாண்டு டிசம்பரில், அறிவியல் வேலை வேண்டும் என்ற கடிதத்தோடு அதை டேவிக்கு அனுப்பினான்.

டேவி அவனை வரவழைத்துப் பேசினார். ஆனால் அப்போது வேலை காலியில்லை. பைண்டிங் தொழிலையே விடாமல் செய்யும்படி சொல்லி அனுப்பிவிட்டார். சில வாரங்களிலேயே டேவியின் உதவியாளர் வேலையை விட்டு நீக்கப்பட்டார். டேவிக்கு அந்தப் பையனின் நினைவு வந்தது. 1813 மார்ச் மாதம், 21 வயதில் ஃபாரடே ஆய்வகத்தில் காலடி வைத்தார். வாரச் சம்பளம் 25 ஷில்லிங்; தங்குவதற்கு மாடியில் இரண்டு அறைகள்.

டேவி அவரை ஐரோப்பிய நாடுகளுக்கும் அழைத்துச் சென்றார். ஆம்பியர், வோல்டா போன்ற பெரிய அறிஞர்களை அங்கே ஃபாரடே நேரில் கண்டார். ஆனால் டேவியின் மனைவி அவரை வேலைக்காரர் போலவே நடத்தினார். மனம் நொந்து, திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார். கற்றுக்கொள்ளும் ஆசை அவரைப் பிடித்து நிறுத்தியது.

இதைவிடப் பெரிய வருத்தம் பின்னால் வந்தது. 1821ல், மின்சாரம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார் ஃபாரடே. இன்றைய மின்மோட்டாருக்கு அதுவே முன்னோடி. ஆனால் வொலாஸ்டன் என்ற மூத்த அறிஞரும் இதேபோன்ற முயற்சியில் இருந்தார். அவர் பெயரைச் சொல்லாமல் ஃபாரடே கட்டுரை வெளியிட்டதால், திருட்டுப் பழி வந்தது. 1824ல் ராயல் சொசைட்டியில் உறுப்பினராக ஃபாரடேயின் பெயர் வந்தபோது, அதன் தலைவராக இருந்த டேவியே எதிர்த்தார்! ஆனாலும் ஃபாரடே தேர்வானார்.

தூக்கிவிட்ட குருவே தடுத்தால் எப்படி இருக்கும்? ஃபாரடேக்கும் வலித்தது. ஆனால் குரு தந்ததை அவர் மறக்கவில்லை. 1829ல் டேவி காலமானார். அவருடைய வாழ்க்கையை எழுதியவர் விவரம் கேட்டபோது, வேலை தேடிய நாளில் டேவி தனக்கு எழுதிய பழைய கடிதத்தை அனுப்பி வைத்தார் ஃபாரடே. பத்திரமாகத் திருப்பித் தரும்படியும் கேட்டுக்கொண்டார். ஏறக்குறைய 17 ஆண்டுகளாக அதைப் பாதுகாத்து வைத்திருந்தார்!

1831ல் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு வந்தது. கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து எடுத்தால் மின்சாரம் உண்டாகும் என்று காட்டினார். அனல்மின் நிலையத்திலும், நீர்மின் நிலையத்திலும், காற்றாலையிலும் இன்று மின்சாரம் பிறப்பது இந்த விதிப்படிதான்.

புகழ் வந்த பிறகும் மார்செட் அம்மையாரை அவர் மறக்கவில்லை. தன் ஆராய்ச்சிக் கட்டுரைகளை நன்றிக் காணிக்கையாக அவருக்கு அனுப்பி வந்தார். நோட்டு எழுதும் பழக்கத்தையும் விடவில்லை. அவருடைய ஆய்வுக் குறிப்புகளின் வரிசை எண் பதினாறாயிரத்தைத் தாண்டியது!

தனக்கு டிக்கெட் கிடைத்ததுபோல மற்றவர்களுக்கும் வாய்ப்பு கிடைக்க வேண்டாமா? கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்காக நடந்த சொற்பொழிவுகளை 19 முறை அவரே நடத்தினார். ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்து, அதைக் கொண்டே வேதியியல் சொல்லித் தந்தார். அந்தப் பேச்சுகள் 1861ல் புத்தகமாகி, பல மொழிகளுக்குப் போயின.

1867 ஆகஸ்ட் 25ம் தேதி ஃபாரடே மறைந்தார். டேவிக்கு அனுப்பிய அந்த பைண்டிங் நோட்டு, ராயல் இன்ஸ்டிடியூஷனில் பத்திரமாக இருக்கிறது.

குட்டி நண்பர்களே, உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது? பிடித்த ஆசிரியர் யார்? அவர்களிடம் இன்று கற்ற ஒன்றை, தூங்கப் போகும் முன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு அதைச் செய்து பாருங்கள்!