பக்கத்து ஊர் டாக்டரம்மா



மலர் என்றாலே வள்ளல் அழகப்பரைப் பற்றி எழுதுவது நம் வழக்கம். இந்த முறை பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி எழுத ஆசை. காரைக்குடியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் புதுக்கோட்டையில், 1886 ஜூலை 30-ஆம் நாள் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள்தான் அவர்.

தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண்பிள்ளையை மன்னர் கல்லூரியில் சேர்க்கக் கூடாதென்று எதிர்ப்பு. மகாராஜாவே தலையிட்டு இடம் கொடுத்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் டாக்டரானார். பின்னாளில் சென்னை சட்ட மேலவையின் துணைத் தலைவர். தேவதாசி முறை ஒழியப் பாடுபட்டார். 1947-இல் சட்டமே வந்தது. காந்தியடிகள் கைதானதும் 1930-இல் பதவியைத் தூக்கி எறிந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

கூடப்பிறந்த தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோனது. அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை! அப்படியென்றால் கையில் காசில்லாத கிராமத்து ஜனங்கள் கதி என்ன? அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை. குணமாகாத நோய்க்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு என்று நினைத்தவர்கள் அன்று அதிகம். அம்மையார் சளைக்காமல் நிதி திரட்டினார். 1952-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். நம் கல்லூரி பிறந்ததும் அதே 1952 தான்!

1954-இல் வெறும் 12 படுக்கைகளோடு வேலை ஆரம்பமானது. மூன்றே வருஷத்தில், 1957-இல், கோபால்ட்-60 கதிர்வீச்சு இயந்திரம் வந்துவிட்டது. ஏழைக்கு ஏதோ கிடைத்த வைத்தியம் போதும் என்று அவர் நினைக்கவில்லை. உயர்ந்த கருவி ஏழைக்கும் வேண்டும் என்றார். இயந்திரங்களோடு பழகும் நாம் இதைக் கவனிக்க வேண்டும். 1956-இல் பத்மபூஷண் பெற்ற அம்மையார் 1968-இல் மறைந்தார்.

இன்றும் நம்ம பக்கத்துக் கர்ப்பிணிப் பெண்கள் வாங்குகிற மகப்பேறு நிதியுதவி அவர் பேரில்தான் இருக்கிறது. 2006-இல் 6,000 ரூபாயாக இருந்தது, 2018-இல் 18,000 ஆனது. சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் பெரிய வியாதி என்றால்? காளையார்கோவில் பக்கம் கூலிவேலை பார்க்கிற ஒருவர் அடையாறு போக 400 கிலோமீட்டர் தாண்டணும். காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொள்ளும். கூட வர்றவருக்குத் தங்க இடம், சாப்பாடு, அத்தனை நாள் போன கூலி? இதையெல்லாம் யார் பார்க்கிறது? பாதி சிகிச்சையில் ஊருக்குத் திரும்புவது இதனால்தானே!

நண்பர்களே, சென்னையிலும் மதுரையிலும் நம்மவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். நம் பகுதியிலிருந்து வரும் நோயாளிக்கு ஒரு வாரம் தங்க இடம் பார்த்துக் கொடுப்பது, படிவம் நிரப்பித் தருவது, முதல் நாள் கூடப் போய் நிற்பது. இவ்வளவுதான் கேட்கிறேன். இந்தச் சந்திப்பிலேயே ஒரு நோட்டுப் போட்டு, முடிந்தவர்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வைத்தால் என்ன? ஆஸ்பத்திரியை அம்மையார் கட்டிவிட்டார். அதுவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை நம்முடையது.