மாத்திரை அறிந்த மகான்: சட்டம்பி சுவாமிகளின் யோகமும் இசையும்

பழைய திருவிதாங்கூர் நாட்டின் தென்பகுதியில், களியக்காவிளையைக் கடந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் பெருஞ்சாலையை இசை நடந்து சென்ற சாலை என்று கூறின் அது மிகையாகாது. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னர் பத்மநாபபுரம் சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இவ்வழியாகவே ஊர்வலமாக எழுந்தருளி, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கித் திருவனந்தபுரம் சேர்கின்றனர். அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் சுவாதித் திருநாள் மகாராஜாவின் கிருதிகள் பாடப்பெறுகின்றன. அம்மண்டபத்தில் 2006-ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பாடிய பெண்மணி பாறசாலை பொன்னம்மாள் (1924–2021) ஆவார். இசையுலகம் நன்கறிந்த நெய்யாற்றின்கரை வாசுதேவனும் (1940–2008) இம்மண்ணின் மைந்தரே.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நிலத்தில் கோடு விழுந்தது. மக்களின் நாவிலும் செவியிலும் கோடு விழவில்லை. தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் பேசப்படும் வீடுகள் அங்கே இன்றும் உள்ளன.

அந்த எல்லைப் புறத்தில் இளமையில் எழுத்து வேலை பார்த்துப் பிழைத்து, பின்னர்க் கேரளம் முழுவதும் போற்றும் மகானாக உயர்ந்தவர் சட்டம்பி சுவாமிகள். அவரைத் துறவியாகவும், பன்மொழிப் புலவராகவும், சமூகச் சீர்திருத்தக்காரராகவும் பலர் அறிவர். அவர் பாடவும் தாள வாத்தியங்களை வாசிக்கவும் வல்லவராய் விளங்கினார் என்பதை நம் காலனி அன்பர்களில் சிலரே அறிந்திருப்பர். யோகமும் இசையும் ஒருவரிடத்தே எவ்வாறு கூடி நின்றன என்பதை எண்ணிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும். ஏனெனில் நம் குழந்தைகள் பாட்டு வகுப்பில் ஒரு வரியை முடிக்குமுன் மூச்சு முட்டி நிற்பதையும், யோகாசனம் பழக்கினால் குரல் தேறுமா என்று பெற்றோர் வினவுவதையும் நாம் அடிக்கடி காண்கிறோம்.

சுவாமிகள் 1853-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள் திருவனந்தபுரத்தை அடுத்த கண்ணம்மூலையில் பிறந்தார். இட்ட பெயர் ஐயப்பன். வீட்டார் அழைத்த பெயர் குஞ்ஞன். தந்தையார் வாசுதேவ சர்மா, தாயார் நங்கேமை. குடும்பம் மிக வறியது. பள்ளிக்கு அனுப்பும் வசதி இல்லை. அயல்வீட்டுப் பிள்ளைகளிடம் எழுத்துக்களைக் கேட்டறிந்ததாகவும், தாயார் வேலை செய்த மடத்தில் சாஸ்திரியார் ஒருவர் மாணவர்களுக்குப் பாடம் சொல்லும்போது மறைவில் நின்று கேட்டே வடமொழி கற்றதாகவும் அவர் வரலாற்றில் கூறுவர். வாயிலுக்கு வெளியே நின்று கற்ற அச்சிறுவனின் செவி எத்துணைக் கூர்மையாய் இருந்திருத்தல் வேண்டும்! இசைக்கும் முதற் கருவி செவியே அன்றோ?

பின்னர்ப் பேட்டை இராமன்பிள்ளை ஆசான் தம் பள்ளியில் கட்டணமின்றி அவனைச் சேர்த்துக்கொண்டார். பிள்ளைகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பும் அவனுக்குக் கிடைத்தது. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று சொல்வார்களே, அந்தப் பதவிதான் அது. சட்டம்பி என்ற பெயர் அன்று ஒட்டிக்கொண்டது. துறவு பூண்ட பின்னும் விட்டகலவில்லை. ஆசானைச் சூழ்ந்து ஞானப்பிரஜாகரம் என்ற அறிஞர் கூட்டம் ஒன்று இயங்கியது. மனோன்மணீயம் தந்த சுந்தரம் பிள்ளை அவர்களும் அதில் பங்கு கொண்டவர். சுவாமிநாத தேசிகரிடம் நம் குஞ்ஞன் தமிழ் கற்றார். அத்தமிழ்ப் பயிற்சியின் ஆழத்தை, பிற்காலத்தில் ஆதிபாஷை என்னும் மொழியாராய்ச்சி நூலை அவர் தமிழிலேயே எழுதியதிலிருந்து அறியலாம்.

வறுமை அவரை எளிதில் விடவில்லை. திருவனந்தபுரத்தில் அரசாங்கக் கச்சேரிக் கட்டடம் எழும்பியபோது அங்கே கூலியாளாகச் செங்கல் சுமந்தார் என்பர். அக்கட்டடம் 1869-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. நெய்யாற்றின்கரையிலும் பூதப்பாண்டியிலும் எழுத்து வேலை பார்த்துக் குடும்பத்தைக் காத்தார். திவான் மாதவராவ் காலத்தில் எழுத்தர் பதவிக்கு நடந்த தேர்வில் முதலிடம் பெற்று, தாம் செங்கல் சுமந்த கச்சேரியிலேயே எழுத்தராய் அமர்ந்தார். கோப்புகளோடு காலந்தள்ளும் நம்போன்றோர் இதைப் படிக்கையில் உள்ளம் நெகிழாமல் இருக்க முடியாது. ஆயினும் அறிவைத் தேடி அலையும் அவர் மனத்துக்கு அலுவலகம் தடையாயிற்று. விரைவிலேயே வேலையை உதறினார்.

அவருக்கு யோகம் பயிற்றியவர் தைக்காடு ஐயாவு சுவாமிகள் (1814–1909). தமிழ்நாட்டிலிருந்து திருவனந்தபுரம் வந்த இப்பெரியார், பிரிட்டிஷ் ரெசிடென்ட் மாளிகையில் மேற்பார்வையாளராக உத்தியோகம் பார்த்தவர், இல்லறத்தில் இருந்தவர். காலையில் உத்தியோகம், பின்னர் யோகம் என்று வாழ முடியும் என்பதற்கு அவரே சான்று. சாதி பேதம் பாராமல் அனைவரையும் அருகில் இருத்திக்கொண்டவர் என்பதும் குறிப்பிடத்தக்கது. 1880-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சட்டம்பி சுவாமிகள் தம்மினும் இளையவரான நாணு ஆசானைச் சந்தித்து நட்புப் பூண்டு, ஐயாவு சுவாமிகளிடம் அழைத்துச் சென்றார். அந்த நாணு ஆசானே ஸ்ரீ நாராயண குருவாய், 1888-ஆம் ஆண்டில் நெய்யாற்றின்கரைக்கு அருகே, நெய்யாற்றங்கரையிலுள்ள அருவிப்புறத்தில் சிவலிங்கப் பிரதிஷ்டை செய்து வரலாறு படைத்தவர்.

இனி இசைக்கு வருவோம். அரண்மனை வித்வத் சபைக்கு வந்திருந்த கல்லிடைக்குறிச்சி சுப்பா ஜடாபாடிகள் இவ்விளைஞரின் அறிவைக் கண்டு வியந்து, தம்முடன் தாமிரபரணிக் கரைக்கே அழைத்துச் சென்றார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அங்கே தங்கி வேதாந்தம், தந்திரம் முதலியவற்றோடு இசையையும் சுவாமிகள் பயின்றார். யோகம் கைவந்துவிட்டது, இனி இசை தானே வரும் என்று அவர் வாளாவிருக்கவில்லை. மாணவராய் அமர்ந்து முறையாகக் கற்றார். இதை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். சாதகம் செய்யாத குரல் ஆசனத்தினால் மட்டும் இனிமை பெறாது; கைப்பழக்கம் இல்லாத விரல் தியானத்தினால் மட்டும் மிருதங்கத்தில் சொல் உதிர்க்காது.

அங்ஙனமாயின் யோகம் இசைக்குச் செய்யும் உதவிதான் யாது? பாடுவது என்பது வெளிமூச்சைச் செலவிடும் செயல். சும்மா இருக்கும்போது உள்மூச்சும் வெளிமூச்சும் ஏறத்தாழ ஒத்து நடக்கும். பாடும்போதோ, நொடியில் இழுத்த மூச்சை நெடுநேரம் சிறுகச் சிறுகச் செலவழித்தல் வேண்டும். காற்று நிறைந்த நுரையீரல் ஊதிய பலூன்போலத் தானே சுருங்க முயலும். விலாத் தசைகளும் உதரவிதானமும் அதைத் தாங்கிப் பிடித்து மெல்ல விட்டால்தான் ஸ்வரம் ஆடாமல் நிற்கும். இல்லையேல் காற்று முழுவதும் குரல்நாண்களில் ஒருங்கே மோதி, வரியின் தொடக்கத்தில் கூச்சலும் முடிவில் இளைப்புமாய்ப் போகும். பிராணாயாமத்தால் வளர்ந்தவருடைய நுரையீரல் பெரிதாகிவிடுவதில்லை. உள்ள காற்றை ஆளும் திறமையே வளர்கிறது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

நம் முன்னோர் இதை அளந்தும் வைத்தனர். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரிக்கும்போது, மூச்சை இழுக்கும் பூரகத்துக்கு 16, உள்ளே நிறுத்தும் கும்பகத்துக்கு 64, வெளிவிடும் இரேசகத்துக்கு 32 மாத்திரை என அளவு கூறுகிறார். இழுப்பதினும் விடுவது இருமடங்கு என்பதைக் காண்க. இந்த மாத்திரை என்ற சொல் நமக்குப் புதியதன்று. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று தமிழிலக்கணம் எழுத்தை அளப்பதும் அதனால்தான். கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் அதன் அளவு. தாளத்தில் காலத்தை எண்ணும்போதும் மாத்திரை என்றே சொல்கிறோம். எழுத்தையும் மூச்சையும் தாளத்தையும் ஒரே கோலால் அளந்த மரபு நம்முடையது. தமிழும் யோகமும் தாளமும் கற்ற சட்டம்பி சுவாமிகளிடத்தில் இம்மூன்றும் ஒன்றாய்க் கூடியதில் வியப்பொன்றும் இல்லை.

மூச்சைப் போன்றே இருக்கையும் இன்றியமையாதது. நம் இசைவாணர் சம்மணமிட்டு இரண்டு மூன்று மணி நேரம் அமர்கின்றனர். முதுகு கூனினால் விலா விரிய இடமில்லை; கழுத்தும் தாடையும் இறுகினால் குரல் நெரியும். மிருதங்கம் வாசிப்பவரின் தோள் இறுகினால் விரல் வேகம் கெடும். பிடில் வாசிப்பவரின் கழுத்து வலி கொள்ளும். நாதஸ்வரக்காரருக்கோ மூச்சே முதலீடு. முதுகு நேராகவும் உடல் தளர்வாகவும் அசையாது அமர்தலே ஆசனத்தின் பயன். வாய் மூடி வண்டுபோல் முரலும் பிராமரிப் பிராணாயாமம் சுருதியைப் பிடித்து நிற்கும் பயிற்சியாகவும் ஆகிறது. மெல்ல மூச்சு விடும்போது நெஞ்சின் துடிப்புத் தணிவதால் மேடை நடுக்கமும் குறையும்.

1892-ஆம் ஆண்டில் சுவாமி விவேகானந்தர் கன்னியாகுமரிக்குச் செல்லும் வழியில் எர்ணாகுளத்தில் சட்டம்பி சுவாமிகளைக் கண்டார். சின்முத்திரையின் உட்பொருளை அவரிடம் கேட்டறிந்து மகிழ்ந்தார். விவேகானந்தரும் நன்றாகப் பாடக்கூடியவர். பக்வாஜ் வாசிக்கப் பழகியவர். யோகிகளாகிய இருவருமே பாட்டும் தாளமும் அறிந்தவர்களாய் இருந்தது சிந்திக்கத்தக்கது. ஓயாது அலையும் மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது யோகியின் வேலை. தம்புராவின் ஒலியில் நிறுத்துவது பாடகரின் வேலை. இரண்டும் அண்டை வீட்டுக்காரர்கள்.

சுவாமிகள் எழுதிய நூல்களுள் வேதாதிகார நிரூபணம் தலையாயது. வேதம் கற்கும் உரிமை ஒரு சாராருக்கு மட்டும் உரியதன்று, அனைவர்க்கும் உண்டு என்று அதில் நிறுவினார். மறைவில் நின்று பாடம் கேட்ட சிறுவன், வளர்ந்தபின் கதவையே திறந்துவிட முயன்றார் எனலாம். உயிர்களிடத்துக் கருணையை வலியுறுத்தி ஜீவகாருண்ய நிரூபணம் எழுதினார். ஊர் ஊராய் நடந்து, எளிய வீடுகளில் தங்கி, அன்பர்களோடு பாடியும் உரையாடியும் வாழ்ந்த அப்பெரியார் 1924-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் கொல்லத்தை அடுத்த பன்மனையில் சமாதி அடைந்தார்.

அவர் வாழ்விலிருந்து நம் சங்கம் எடுத்துக்கொள்ளத் தக்கவை இரண்டு உண்டு. முதலாவது: பாட்டு வகுப்புத் தொடங்குமுன் கால் மணி நேரம் குழந்தைகளை நேராக அமரவைத்து மூச்சுப் பயிற்சி தருதல். ஆதி தாளத்தில் பாதி ஆவர்த்தனமாகிய நான்கு அட்சரத்துக்கு மூச்சை இழுத்து, முழு ஆவர்த்தனமாகிய எட்டு அட்சரத்துக்கு ஷட்ஜத்தை முரன்றுகொண்டே மெல்ல விடச் செய்யலாம். கும்பகம் வேண்டா. 64 மாத்திரை மூச்சை அடக்குவது குருவின் நேர்ப்பார்வையில் செய்யத் தக்கது. குழந்தைகளும் இரத்த அழுத்தமோ இருதய நோயோ உடையவர்களும் அதை முயலுதல் ஆகாது. ஆண்டு விழாவுக்குள் மேடையேற்றிவிட வேண்டும் என்ற பெற்றோரின் அவசரமும் இளங்குரலுக்குப் பகையே. உச்ச ஸ்தாயியில் கத்தவைத்துக் கெடுத்த குரலை மீட்பது எளிதன்று.

இரண்டாவது, நம் நெஞ்சுக்கு இன்னும் நெருக்கமானது. இராமன்பிள்ளை ஆசான் கட்டணம் கேட்டிருந்தால் சட்டம்பி சுவாமிகள் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார். நம் பாட்டு வகுப்பில் இன்று அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகளே. கலாசியின் மகனும் கேங்மேனின் மகளும் சங்கக் கட்டடத்தின் ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டுப் போகின்றனர். அவர்களுள் எவர் செவியில் எத்தகைய சுருதி குடிகொண்டிருக்கிறதோ, யாரறிவார்? வருகிற ஆண்டிலேனும் கட்டணம் என்ற பேச்சின்றி அவர்களை உள்ளே அழைத்து, முதல் வரிசையில் பாய் விரித்து அமர்த்துவோமாக.