நுரையீரல் புற்றுநோய் பரம்பரையா வருமா? சிகரெட்டுக்காக வாதாடிய விஞ்ஞானி ரொனால்ட் ஃபிஷரின் கதை

தாத்தா 80 வயசு வரைக்கும் பீடி குடிச்சார், ஒன்னும் ஆகலைங்க, எல்லாம் உடம்பு வாகுதான்... காந்திபுரம் டீக்கடைகளில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு இது. கிட்டத்தட்ட இதே வாதத்தை 1957-ல் உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானி ஒருவர் முன்வைத்தார். அவர்தான் ரொனால்ட் ஃபிஷர். அவர் சொன்னதில் எது சரி, எது தப்பு? பார்க்கலாம்.

யார் இந்த ஃபிஷர்?

1890-ல் லண்டனில் பிறந்தவர். சின்ன வயசிலிருந்தே கண்பார்வை மோசம். அதனால் கணக்குகளை மனசுக்குள்ளேயே போட்டுப் பழகினார். 1919-ல் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். வயலைப் பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல முடிவு செய்யும் சோதனை முறையை அங்கே உருவாக்கினார். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் புது ரகங்களைச் சோதிப்பதற்கும், ஆஸ்பத்திரிகளில் புது மருந்துகளைச் சோதிப்பதற்கும் இன்றும் இதுதான் அடிப்படை.

நம் நாட்டின் புள்ளியியல் மேதை சி.ஆர்.ராவ், கேம்பிரிட்ஜில் இவரிடம் ஆய்வு செய்தவர். மரபியலிலும் ஃபிஷர் பெரிய ஆள். ஆனால் மனிதர்களையும் பரம்பரையை வைத்துத் தரம் பிரிக்கலாம் என்ற இனமேம்பாட்டுக் கொள்கையை ஆதரித்தது அவர் வாழ்க்கையின் கரும்புள்ளி.

சிகரெட் பக்கம் ஏன் நின்றார்?

1950-ல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் இருவரும் புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்கள். ஃபிஷர் இதை ஏற்கவில்லை. புகைக்கத் தூண்டுவதும் புற்றுநோயைக் கொண்டுவருவதும் ஒரே மரபணுவாக இருக்கலாமே, சிகரெட் மேல் ஏன் பழி என்று கேட்டார். ஒரே மாதிரி இரட்டையர்களின் புகைப்பழக்கமும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது என்பதை ஆதாரமாகக் காட்டினார்.

அவரே பைப் புகைப்பவர். புகையிலை உற்பத்தியாளர்களிடம் சம்பளம் வாங்கும் ஆலோசகராகவும் இருந்தார்.

எங்கே சறுக்கினார்?

1959-ல் ஜெரோம் கார்ன்ஃபீல்டு குழுவினர் எளிமையான ஒரு கணக்கைப் போட்டார்கள். புகைப்பவர்களுக்கு ஆபத்து 9 மடங்கு என்றால், அந்த மர்ம மரபணுவும் அவர்களிடம் குறைந்தது 9 மடங்கு அதிகமாக இருக்க வேண்டும். அப்படி எதையும் யாராலும் காட்ட முடியவில்லை. இன்னொன்று, புகையை விட்டவர்களுக்கு ஆபத்து குறைந்தது. விட்டதால் அவர்களுடைய மரபணு மாறிவிடவில்லையே!

1962 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், பெருங்குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஃபிஷர் இறந்தார். 1964-ல் அமெரிக்க அரசின் மருத்துவ அறிக்கையும் சிகரெட்தான் காரணம் என்று உறுதிப்படுத்தியது.

அப்போ மரபணுவுக்குப் பங்கே இல்லையா?

இருக்கு. 2008-ல் 15-வது குரோமோசோமில், நிகோட்டின் பழக்கத்தோடு தொடர்புள்ள ஒரு பகுதி கண்டுபிடிக்கப்பட்டது. அங்குள்ள மாற்றம் அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து வந்தால் ஆபத்து சுமார் 30 சதவீதம் கூடுகிறது. இருவரிடமிருந்தும் வந்தால் சுமார் 80 சதவீதம். ஆனால் சிகரெட் கூட்டும் ஆபத்து 15 முதல் 30 மடங்கு! ஃபிஷர் தேடிய மாதிரி ஒரு மரபணு கிடைத்தது, ஆனால் அது சிகரெட்டைக் காப்பாற்றும் அளவுக்குப் பெரியதல்ல.

இன்னொரு குழப்பமும் உண்டு. நோயாளியின் கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால், பிள்ளைகளுக்கும் வருமோ என்று குடும்பமே பயப்படும். பெரும்பாலும் அந்த மாற்றம் கட்டிக்குள் மட்டும் உண்டானது, பரம்பரையாக வருவதில்லை. எந்த மாத்திரை கேட்கும் என்று முடிவு செய்யத்தான் அந்த டெஸ்ட்.

நீங்க என்ன செய்யணும்?

பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ நுரையீரல் புற்றுநோய் இருந்தால் உங்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதல். டாக்டரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்க. புகைக்காதவர்களுக்கும் இந்த நோய் வரலாம். அதனால் 3 வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ தள்ளிப்போடாதீங்க.

புகைப்பவரா? டால் குழுவினர் பிரிட்டிஷ் டாக்டர்களை 50 வருஷம் பின்தொடர்ந்து 2004-ல் வெளியிட்ட கணக்கு இது: 60 வயசில் விட்டால் ஆயுள் சுமார் 3 வருஷம் கூடும், 50-ல் 6, 40-ல் 9, 30-ல் 10. விடுவதற்கு உதவி வேண்டுமா? தேசிய புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணம் கிடையாது.