பிலிப் டி ரோத்சில்ட்

பாரன் பிலிப் டி ரோத்சில்ட் (ஏப்ரல் 13, 1902 – ஜனவரி 20, 1988) பிரான்ஸ் நாட்டின் போர்தோ பகுதியைச் சேர்ந்த புகழ்பெற்ற ஒயின் உற்பத்தியாளர் ஆவார். போயாக் எனும் ஊரில் உள்ள ஷத்தோ மூட்டோன் ரோத்சில்ட் என்ற திராட்சைத் தோட்டத்தை 1922 முதல் தமது இறப்பு வரை நிர்வகித்தார். ஒயினைத் தோட்டத்திலேயே புட்டியில் அடைக்கும் முறையை இப்பகுதியில் பரவச் செய்தவர் என்ற வகையிலும், ஒயின் புட்டிகளின் லேபிள்களில் ஓவியர்களின் படைப்புகளை இடம்பெறச் செய்தவர் என்ற வகையிலும் இவர் அறியப்படுகிறார். கார்ப் பந்தய ஓட்டுநர், திரைப்படத் தயாரிப்பாளர், மொழிபெயர்ப்பாளர் எனப் பல துறைகளிலும் இவர் ஈடுபட்டிருந்தார்.

குடும்பப் பின்னணி

பிலிப் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ஹென்றி டி ரோத்சில்ட் மருத்துவராகவும் நாடக ஆசிரியராகவும் விளங்கியவர். வங்கித் தொழிலில் பெயர்பெற்ற ரோத்சில்ட் குடும்பத்தின் இங்கிலாந்துக் கிளையைச் சேர்ந்த நத்தானியேல் டி ரோத்சில்ட், 1853 ஆம் ஆண்டில் இத்தோட்டத்தை ஏலத்தில் வாங்கினார். அவர் பிலிப்பின் கொள்ளுப்பாட்டனார் ஆவார்.

தோட்டம் வாங்கப்பட்ட இரண்டு ஆண்டுகளில், பாரிஸில் நடைபெற்ற உலகக் கண்காட்சியை ஒட்டி, மெடோக் பகுதியின் சிவப்பு ஒயின்களைப் போர்தோ தரகர்கள் ஐந்து தரங்களாக வகைப்படுத்தினர். லஃபீட், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கு மட்டுமே முதல் தரத்தில் சேர்க்கப்பட்டன. இவற்றுள் ஓ-பிரியோன் மெடோக்கிற்கு வெளியே, கிராவ் பகுதியில் உள்ளது. மூட்டோன் இரண்டாம் தரத்தின் முதலிடத்தைப் பெற்றது. 1855 ஆம் ஆண்டின் இப்பட்டியலை மாற்றுவதே பின்னாளில் பிலிப்பின் வாழ்நாள் முயற்சியாக அமைந்தது.

தோட்டப் பொறுப்பை ஏற்றல்

முதலாம் உலகப் போர்க் காலத்தில் பாரிஸிலிருந்து போயாக்கிற்கு அனுப்பப்பட்ட சிறுவன் பிலிப்பிற்கு அவ்வூர் வாழ்க்கை பிடித்துப் போனது. அவரது முன்னோரோ தோட்டத்தை நேரில் கவனிப்பதில் பெரிதும் ஆர்வம் காட்டாதவர்கள். 1922 இல், தமது 20 ஆவது வயதில், தோட்ட நிர்வாகத்தைத் தந்தையிடமிருந்து பிலிப் ஏற்றுக்கொண்டார்.

அக்காலத்தில் தோட்ட உரிமையாளர்கள் புதிய ஒயினைப் பீப்பாய்களிலேயே போர்தோ நகர வணிகர்களுக்கு விற்றுவிடுவது வழக்கம். வணிகர்கள் அதனைத் தமது கிடங்குகளில் முதிரவைத்துப் புட்டிகளில் அடைத்தனர். போர்தோ பீப்பாய் ஒன்று 225 லிட்டர் கொள்ளளவு உடையது; அதிலிருந்து ஏறத்தாழ 300 புட்டிகள் கிடைக்கும். ஒரே ஆண்டில் ஒரே தோட்டத்தில் விளைந்த ஒயினாயினும், அதனை அடைத்த வணிகரைப் பொறுத்துப் புட்டிக்குப் புட்டி சுவை வேறுபட்டது. மலிவான ஒயினைக் கலந்து விற்கவும் இதில் இடமிருந்தது.

1924 ஆம் ஆண்டு விளைச்சல் முழுவதையும் தோட்டத்திலேயே அடைப்பதென்று பிலிப் முடிவு செய்தார். முதல் தரத் தோட்டங்களின் உரிமையாளர்களையும் இதற்கு இணங்கச் செய்தார். புட்டிகளை நெடுநாள் தோட்டத்திலேயே வைத்துக் காக்க வேண்டியிருந்ததால் இடம் போதவில்லை. எனவே 1926 இல், கட்டடக் கலைஞர் சார்ல் சிக்லிஸின் வடிவமைப்பில், 100 மீட்டர் நீளமுள்ள பீப்பாய்க் கூடம் ஒன்று எழுப்பப்பட்டது. 1924 ஆம் ஆண்டு ஒயினுக்கு ஜான் கார்லூ வரைந்த நவீன பாணி லேபிள் வணிகர்களிடையே சர்ச்சையை ஏற்படுத்தியது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது.

1930 ஆம் ஆண்டின் விளைச்சல் தரம் குறைந்திருந்தது. அதனை மூட்டோன் என்ற பெயரில் விற்க விரும்பாத பிலிப், மூட்டோன் காதே என்ற புதிய பெயரில் வெளியிட்டார். காதே என்பது பிரெஞ்சு மொழியில் இளையவர் எனப் பொருள்படும். பிலிப் குடும்பத்தின் இளைய மகன் ஆவார். பின்னாளில் இது போர்தோ பகுதியின் பல தோட்டங்களிலிருந்து பெறப்பட்ட ஒயின்களைக் கொண்டு தயாரிக்கப்பட்டு, உலகெங்கும் விற்பனையாகும் வணிகப் பெயராக வளர்ந்தது.

பிற ஈடுபாடுகள்

குடும்பப் பெயரை மறைத்துப் பிலிப் என்ற பெயரில் கார்ப் பந்தயங்களில் கலந்துகொண்டார். 1929 இல் நடைபெற்ற முதலாவது மொனாக்கோ கிராண்ட் பிரீ பந்தயத்தில் புகாட்டி காரை ஓட்டி நான்காம் இடம் பெற்றார். அதே ஆண்டில் தந்தை பாரிஸில் கட்டிய பிகால் நாடக அரங்கின் நிர்வாகத்திலும் பங்கேற்றார். மார்க் அலெக்ரே இயக்கத்தில் 1934 இல் வெளிவந்த லாக் ஓ டாம் திரைப்படத்தைத் தயாரித்தார். எலிசபெத் காலத்து ஆங்கிலக் கவிதைகளையும் கிறிஸ்டோபர் ஃபிரையின் நாடகங்களையும் பிரெஞ்சு மொழியில் பெயர்த்துள்ளார்.

இரண்டாம் உலகப் போர்

1934 இல் எலிசபெத் பெல்லத்தியே டி ஷாம்பூர் என்பவரைப் பிலிப் மணந்தார். இவர்களது மகள் பிலிப்பின் 1933 இல் பிறந்தவர். 1940 இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்த பின்னர், யூதரான பிலிப்பை விஷி அரசு கைது செய்தது. அவரது குடியுரிமை பறிக்கப்பட்டது. தோட்டமும் பறிமுதல் செய்யப்பட்டது. விடுதலையான பின் பிரனீஸ் மலைகளைக் கடந்து ஸ்பெயினை அடைந்த அவர், அங்கிருந்து இங்கிலாந்து சென்று டி கோல் தலைமையிலான சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார்.

பிரான்சிலேயே தங்கிவிட்ட எலிசபெத் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். எனினும் 1944 இல் கெஸ்டபோ காவலர்களால் கைது செய்யப்பட்டு, ராவன்ஸ்புரூக் வதை முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1945 மார்ச் மாதத்தில் அங்கேயே இறந்தார். நாடு திரும்பிய பிலிப்பிற்கு மகளும் சேதமடைந்த தோட்டமுமே எஞ்சின.

1945 விளைச்சல்

அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்தில் கடும் உறைபனி பெய்து திராட்சைக் கொடிகளின் துளிர்களை அழித்தது. தொடர்ந்து வந்த கோடை வெப்பமும் வறட்சியும் மிக்கதாக இருந்தது. விளைச்சல் மிகக் குறைந்தாலும், எஞ்சிய பழங்களில் சாறு செறிவாக அமைந்தது. இதன் லேபிளில் நேச நாடுகளின் வெற்றியைக் குறிக்கும் ஆங்கில வீ எழுத்தைப் பிலிப் ஜூலியன் என்ற இளம் ஓவியர் வரைந்தார். அதன் பின்னர் ஆண்டுதோறும் ஓர் ஓவியரின் படைப்பை லேபிளில் இடுவது வழக்கமாயிற்று. பிராக் (1955), டாலி (1958), ஹென்றி மூர் (1964), மீரோ (1969), ஷகால் (1970) ஆகியோர் இவ்வரிசையில் குறிப்பிடத்தக்கவர்கள். ஓவியர்களுக்குப் பணத்திற்குப் பதிலாக ஒயின் புட்டிகளே வழங்கப்பட்டன.

பழைய ஒயின்களின் ஒப்பீடு

மூட்டோன் ஒயினில் கபர்னே சோவிஞோன் எனும் திராட்சை வகையே பெரும்பங்கு வகிக்கிறது. தடித்த தோல் கொண்ட இப்பழத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுதி. இளம் ஒயினில் நாவை இறுக்கும் இத்துவர்ப்பு, ஆண்டுகள் செல்லச் செல்ல மென்மையடைகிறது. டானினும் நிறமிகளும் ஒன்றிணைந்து வண்டலாகப் படிகின்றன. ஊதா கலந்த சிவப்பு நிறம் படிப்படியாகச் செங்கல் நிறத்தை அடைகிறது. பழ மணம் குறைந்து, புகையிலை, தேவதாரு மரம், ஈர மண் போன்றவற்றை நினைவூட்டும் மணங்கள் தோன்றுகின்றன. வண்டல் கலந்துவிடாதபடி தெளிந்த ஒயினை மட்டும் வேறு கண்ணாடிக் குடுவைக்கு மெதுவாக ஊற்றிய பின்னரே பழைய ஒயினைப் பரிமாறுவர்.

ஒரே தோட்டத்தின் பல ஆண்டு ஒயின்களை வரிசையாகச் சுவைப்பது நெடுக்கு ஒப்பீடு எனவும், ஒரே ஆண்டின் பல தோட்ட ஒயின்களைச் சுவைப்பது கிடை ஒப்பீடு எனவும் கூறப்படும். முதல் வகையில் ஆண்டுகளின் தட்பவெப்பமும், இரண்டாம் வகையில் தோட்டங்களின் மண்ணும் தயாரிப்பு முறையும் வெளிப்படுகின்றன. சான்றாக, 1945 ஆம் ஆண்டு மூட்டோன் கடுந்துவர்ப்புடன் தொடங்கி மிக மெதுவாக முதிர்ந்தது. வெப்பம் மிகுந்த 1947 ஆம் ஆண்டின் ஒயின் இனிய பழச்சுவையுடன் விரைவிலேயே பருவமடைந்தது. இத்தகைய ஒப்பீடுகளுக்குப் புட்டியில் இருப்பது தோட்டத்தின் ஒயின்தான் என்ற உறுதி தேவை. பிலிப் 1924 இல் மேற்கொண்ட முடிவு அவ்வுறுதியை அளித்தது. ஆயினும் தக்கையின் நிலையும் சேமிப்பு வெப்பநிலையும் வேறுபடுவதால், ஒரே பெட்டியிலுள்ள பழைய புட்டிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

முதல் தர உயர்வு

மூட்டோனை முதல் தரத்திற்கு உயர்த்துமாறு பிலிப் பல்லாண்டுகள் முயன்றார். 1973 ஜூன் மாதத்தில், அப்போதைய வேளாண் அமைச்சர் ஜாக் சிராக் இதற்கான ஆணையில் கையொப்பமிட்டார். 1855 பட்டியலில் ஒரு தோட்டம் தரம் உயர்த்தப்பட்டது இது ஒன்றே ஆகும். அவ்வாண்டு ஏப்ரலில் மறைந்த பிக்காசோவின் ஓவியம் 1973 லேபிளில் இடம்பெற்றது. ஆனால் அவ்வாண்டின் ஒயின் மெல்லியது. நெடுங்காலம் முதிரத் தக்கதன்று. அப்புட்டிகளைச் சேகரிப்போர் பெரும்பாலும் லேபிளுக்காகவே அவற்றை வாங்குகின்றனர்.

பிற்காலம்

1954 இல் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் போலின் ஃபேர்ஃபாக்ஸ் பாட்டரைப் பிலிப் மணந்தார். இருவரும் ஒயின் தொடர்பான கலைப்பொருட்களைத் திரட்டி, 1962 இல் தோட்டத்தில் அருங்காட்சியகம் அமைத்தனர். போலின் 1976 இல் மறைந்தார். கலிஃபோர்னியாவின் ராபர்ட் மொண்டாவியுடன் இணைந்து ஓபஸ் ஒன் என்ற ஒயினைப் பிலிப் உருவாக்கினார். 1979 ஆம் ஆண்டு விளைச்சலே அதன் முதல் வெளியீடாகும்.

1988 இல் பாரிஸில் பிலிப் காலமானார். அவருக்குப் பின் மகள் பிலிப்பின் 2014 இல் தாம் மறையும் வரை நிறுவனத்தை வழிநடத்தினார். பிலிப்பின் வாழ்நாளில் அறுவடையான கடைசி விளைச்சல் 1987 ஆம் ஆண்டினுடையது. ஹான்ஸ் எர்னி வரைந்த பிலிப்பின் உருவமே அதன் லேபிளில் உள்ளது.