இடையன்குடி கால்டுவெல்

குழந்தைகளே! மெரினா கடற்கரையில் சிலையாக நிற்கும் ராபர்ட் கால்டுவெல்லை மொழியறிஞராக அறிவீர்கள். 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலைத் தந்தவர். ஆனால், அவர் ஒரு சிற்றூரின் சபை குருவும்கூட!

அயர்லாந்தில் 1814ல் பிறந்தவர், 1838ல் சென்னை வந்தார். அங்கிருந்து பெரும்பகுதி தூரம் நடந்தே சென்று, 1841ல் நெல்லைச் சீமையின் இடையன்குடியை அடைந்தார். பனைமரங்களும் தேரி மணலுமான பூமி அது.

தெருக்களை நேராக்கினார், கிணறு வெட்டினார், மரம் நட்டார். மனைவி எலைசா பெண்களுக்குக் கல்வியும் லேஸ் பின்னலும் கற்பித்தார்.

1847ல் தொடங்கிய தேவாலயம் முடிய 33 ஆண்டுகள் ஆயின! கல்தச்சர்களுக்குப் புரிவதற்காக, ஜன்னல் வேலைப்பாட்டைக் களிமண்ணில் தாமே செய்து காட்டினாராம். எத்தனை பொறுமை பாருங்கள்!

1877ல் பேராயரானார். அப்போது தாது வருடப் பஞ்சம். நிவாரணப் பணியில் இறங்கினார்.

1891ல் கொடைக்கானலில் காலமானார். உடலை மலையிலிருந்து கொண்டுவந்து, அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.