ஸ்ரீ பத்மநாபதாஸர் மார்த்தாண்டவர்ம மகாராஜா

108 திவ்ய தேசங்களுள் மலைநாட்டுத் திருப்பதிகள் 13. அவற்றுள் ஒன்றாய், நம்மாழ்வாரின் மங்களாசாஸனம் பெற்ற திருவட்டாறு, குலசேகரத்துக்கு மிக அணித்தே விளங்குகின்றது. 22 அடி நீளத் திருமேனியோடு அரவணையில் கண்வளர்ந்தருளும் ஆதிகேசவப் பெருமாளை மூன்று திருவாயில்களின் வழியே ஸேவித்து மகிழாத குடும்பம் இச்சுற்று வட்டாரத்தில் இராது. 418 ஆண்டுகளுக்குப் பின்னர் 2022-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் அங்கு நடந்தேறிய மகா கும்பாபிஷேகத்தைக் கண்ணாரக் கண்டவர்கள் பாக்கியசாலிகள். ஐப்பசி, பங்குனித் திருவிழாக்களின் நிறைவில் பெருமாள் மூவாற்றுமுகத்துக்கு ஆறாட்டுக்கு எழுந்தருளும்போது, திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் பிரதிநிதி உடைவாளுடன் முன்னே செல்வதைச் சேவார்த்திகள் கண்டிருப்பர். வாளேந்தி நடப்பவர் அங்கே அரசராக நடப்பதில்லை. எம்பெருமானின் ஊழியராகவே நடக்கின்றார். அரசர்கள் இவ்வாறு ஊழியரான வரலாறு அனிழம் திருநாள் மார்த்தாண்டவர்ம மகாராஜாவின் சரித்திரமேயாகும்.

இம்மன்னர் 1706-ஆம் ஆண்டு, மலையாளத்தார் அனிழம் எனக் கூறும் அனுஷ நக்ஷத்திரத்தில் அவதரித்தார். அன்னையார் வேணாட்டு அரச குடும்பத்தினர். தந்தையார் கிளிமானூர்க் கோயிலகத்தைச் சேர்ந்தவர். வேணாடு அக்காலத்தில் ஒரு சிறு நாடு. அரசர் என ஒருவர் இருந்தார். அவருடைய ஆணை அரண்மனை வாயிலைத் தாண்டிச் செல்லுமா என்பதே ஐயத்துக்குரியதாய் இருந்தது.

அதற்குரிய காரணத்தைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ பத்மநாபஸ்வாமி திருக்கோயிலின் நிர்வாகம் எட்டரை யோகம் என்ற சபையின் கையில் இருந்தது. சபையோர் பெரும்பாலும் போற்றிமார். அரசருக்கு அச்சபையில் அரை வாக்கே உண்டு. அதனாலேயே எட்டு எட்டரையாயிற்று. திருக்கோயில் நிலங்களை மேற்பார்த்து வரி தண்டும் பொறுப்பு எட்டுவீட்டுப் பிள்ளைமாரிடம் இருந்தது. கழக்கூட்டம், செம்பழந்தி, பள்ளிச்சல், வெங்கானூர், குடமண், இராமனாமடம், மார்த்தாண்டமடம், கொளத்தூர் என்பன அவ்வீடுகள். கோயிலுக்குரிய சங்கேத பூமியில் அரசனுடைய சேவகர் புகுந்து எவரையும் பிடித்தல் கூடாது என்பது பழைய மரியாதை. அரசனுடைய ஆட்கள் கோயில் குடிகளைத் துன்புறுத்தினாலோ, உயிர்ச்சேதம் விளைத்தாலோ, அரசனே கழுவாயாகப் பொன்னும் நிலமும் எம்பெருமானுக்குச் செலுத்துதல் வேண்டும். வேணாட்டு அரசர்கள் பலர் அவ்வாறு செலுத்தியுள்ளனர்.

இம்மரியாதைகளைப் பழித்தல் தகாது. அரசனும் தர்மத்துக்கு அடங்கியவனே என்பதை இவற்றைக் காட்டிலும் தெளிவாக உணர்த்தும் ஏற்பாடு வேறு எந்நாட்டில் இருந்தது? குறை ஏற்பாட்டில் இல்லை. அரசனைக் கட்டும் கயிற்றைக் கையில் பிடித்திருந்தவர்கள் அக்கயிறு தங்களை ஒருபோதும் கட்டாது எனக் கருதலாயினர். தேவசுவம் என்ற பெயரால் தண்டிய வரி தேவனுடைய பண்டாரத்தைச் சேரவில்லை. சங்கேதம் என்ற பெயரால் குற்றவாளிகள் மறைந்து வாழ்ந்தனர். 1686-ஆம் ஆண்டில் நெருப்புக்கு இரையான திருக்கோயில் முழுமையாகப் புதுப்பிக்கப்படாமல் 40 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. அந்நாளைய நிர்வாகம் எத்தகையது என்பதற்கு இது ஒன்றே போதிய சான்று.

1721-ஆம் ஆண்டு ஆற்றிங்கல் ராணிக்குக் காணிக்கை கொண்டு சென்ற அஞ்சுதெங்கு ஆங்கிலேயர் சுமார் 140 பேர் கொல்லப்பட்டனர். மிளகு வாணிகத்தில் குடிகளை ஏமாற்றி, நாட்டு வழக்கம் தமக்கில்லை என இறுமாந்திருந்த அவ்வணிகர்களும் குற்றமற்றவரல்லர். எனினும் அக்கொலையின் பின்னணியில் பிள்ளைமாரின் கையும் இருந்தது என வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். 1723-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியுடன் வேணாடு உடன்படிக்கை செய்துகொண்டபோது, இளவரசரான மார்த்தாண்டவர்மரே அதில் முன்னின்றார். 1726-ஆம் ஆண்டில் நாயக்கர் படையின் உதவியும் கோரப்பட்டது. சொந்த நாட்டில் சட்டத்தை நிலைநிறுத்த அயலாரின் படையை வாடகைக்குக் கொணர வேண்டிய நிலை!

இளவரசரின் உயிருக்குப் பகைவர் வைத்த கண்ணிகள் பல. ஊர் விட்டு ஊர், மாறு வேடத்தில் அவர் மறைந்து திரிந்த கதைகள் நெய்யாற்றின்கரை முதல் கல்குளம் வரை இன்றும் வழங்குகின்றன. நெய்யாற்றின்கரையில் துரத்தப்பட்டபோது சிறுவன் ஒருவன் காட்டிய பலாமரப் பொந்துக்குள் புகுந்து தப்பினார் என்றும், அச்சிறுவன் கண்ணபிரானே என உணர்ந்து பின்னாளில் அங்கே ஸ்ரீ கிருஷ்ணன் திருக்கோயிலை எழுப்பினார் என்றும் கூறுவர். அம்மச்சிப் பிலாவு எனப்படும் அம்மரத்தின் எஞ்சிய பகுதி அத்திருக்கோயில் வளாகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.

1729-ஆம் ஆண்டு மாமன் இராமவர்மர் திருநாடு எய்தவே, மருமக்கத்தாய முறைப்படி மார்த்தாண்டவர்மர் பட்டம் ஏற்றார். மறைந்த மன்னரின் புதல்வர்களான பப்புத் தம்பியும் இராமன் தம்பியும் அரசு தமக்கே உரியது என எழுந்தனர். ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கேயுள்ளவர்களின் கண்ணுக்கு அவ்வுரிமை நியாயமாகவே தோன்றியிருக்கும். அங்கே மகனே வாரிசு. ஆயின் வேணாட்டின் வழிமுறை வேறு. தலைமுறை தலைமுறையாக ஒரு முறைக்குக் கட்டுண்டு தம் தந்தையும் அரசரானார் என்பதைத் தம்பிமார் மறந்தனர். பிள்ளைமார் அவர்களுக்குத் துணை நின்றனர். நாஞ்சில் நாடு வரை வந்த அயற்படை பொருள் பெற்றுத் திரும்பியது. முடிவில் தம்பிமார் இருவரும் நாகர்கோவிலில் கொல்லப்பட்டனர்.

அடுத்தது பிள்ளைமாரின் முறை. ஸ்ரீ பத்மநாபனின் ஆறாட்டு ஊர்வலத்தில் மன்னரை வெட்டி வீழ்த்த அவர்கள் திட்டமிட்டனர் என்பது சரித்திரக்காரர் கூற்று. எம்பெருமான் எழுந்தருளும் வீதியிலே, அவன் திருமுன்பே, அவன் நிலத்தின் வரியில் வாழ்ந்தவர்கள் கொலை நிகழ்த்த எண்ணினர். ஓலைகள் கைப்பற்றப்பட்டன. பிள்ளைமாரும் அவர்களோடு சேர்ந்த மாடம்பிமாரும் மரண தண்டனை பெற்றனர். அவர்களுடைய வீடுகள் இடிக்கப்பட்டு, அவ்விடங்கள் குளமாகத் தோண்டப்பட்டன. சதியில் உடன்பட்ட போற்றிமாருக்கு அக்கால தண்ட நீதியின்படி மரணம் விதிக்கப்படவில்லை. சாதியிலிருந்து விலக்கி நாடு கடத்தினர். ஒரே குற்றத்துக்கு இருவேறு தண்டனை. சட்டம் தம்மைத் தீண்டாது என்று எண்ணியவர்களைத் தண்டித்த சட்டமே சிலரைத் தீண்டத் தயங்கியது.

அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. கொல்லப்பட்டவர்களின் மனைவியரும் மக்களும் துறையேற்றம் என்ற பெயரால் கடற்கரையில் மீன் பிடித்து வாழ்வோரிடம் ஒப்புவிக்கப்பட்டனர் என்பது வழிவழி வந்த செய்தி. கடலோடு போராடி உழைத்துண்ணும் மக்களின் வாழ்வை ஒரு தண்டனையாகக் கருதியது அக்காலத்தின் பேதைமை. அது நிற்க, அப்பெண்டிரும் குழந்தைகளும் செய்த குற்றம் யாது? குற்றமற்றவரைத் தண்டிக்கும் அரசன் நரகம் புகுவான் என்றே மநு தர்மம் விதிக்கின்றது. சாதாரணன் ஒரு கார்ஷாபணம் அபராதம் செலுத்த வேண்டிய குற்றத்துக்கு அரசன் 1000 செலுத்த வேண்டும் என்பதும் அந்நூலின் விதியே. மகாராஜாவின் புகழை எத்துணை விரித்தாலும் இந்தக் கணக்கு நிலுவையில் நிற்கும்.

இதற்குப் பின் வந்த போர்களையும் வெற்றிகளையும் பள்ளிச் சிறுவரும் அறிவர். திருவட்டாற்றில் ஆதிகேசவனை வணங்கிப் புறப்பட்டார் எனக் கூறப்படும் மன்னரின் படை, 1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் குளச்சலில் டச்சுக்காரர்களை வென்றது. சிறைப்பட்ட டிலனாய் என்ற படைத்தலைவரை மன்னர் மன்னித்துத் தம் சேனையைப் பயிற்றச் செய்தார். உதயகிரிக் கோட்டையில் உறங்கும் அவ்வெளிநாட்டவர் சாகும் வரை விசுவாசம் தவறவில்லை. கொல்லம், காயங்குளம், அம்பலப்புழை, தெக்கன்கூர், வடக்கன்கூர் என ஒவ்வொன்றாக வேணாட்டோடு இணைந்தன. வேணாடு திருவிதாங்கூர் என்ற பெருநாடாயிற்று.

போரைக் காட்டிலும் போற்றத்தக்கது கணக்கு. இராமய்யன் தளவாய் இதில் மன்னரின் வலக்கை. பாண்டி நாட்டு ஏர்வாடியில் பிறந்து, நம் திருவட்டாற்றுக்கு அருகிலுள்ள அருவிக்கரையில் வளர்ந்த எளிய அந்தணச் சிறுவர் அவர். 1737 முதல் 1756-இல் காலமாகும் வரை தளவாயாக விளங்கினார். பள்ளியாடி மல்லன் சங்கரன் என்பவரைக் கொண்டு நாடு முழுவதும் நிலங்கள் அளந்து பதிவு செய்யப்பெற்றன. எது தேவசுவம், எது பிரம்மசுவம், எது தானம், எது பண்டாரவகை என வகுக்கப்பட்டது. ஆண்டுதோறும் இன்ன இனத்துக்கு இவ்வளவே செலவு என வரையறுக்கும் பதிவுக் கணக்கு ஏற்பட்டது. எழுதாத உரிமையைக் காட்டி ஏய்த்தவர்களுக்கு எழுதிய ஏட்டைக் காட்டிலும் பெரிய பகை வேறில்லை. மிளகு வாணிகமும் அரசின் தனியுரிமையாயிற்று. வணிகரும் நிலக்கிழாரும் இதனால் முணுமுணுத்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திருக்கோயில் திருப்பணி பட்டம் ஏற்ற காலந்தொட்டே தொடங்கியது. முன்பு இலுப்பை மரத்தால் அமைந்திருந்த மூலவர் திருமேனி, 12,008 ஸாளக்ராமங்களைக் கொண்டு கடுசர்க்கரை யோகத்தால் புதிதாக அமைக்கப்பெற்று, 1739-ஆம் ஆண்டளவில் பூர்த்தியாயிற்று. கர்ப்பக்ருஹத்தின் முன், 20 அடி சதுரமும் இரண்டரை அடி கனமும் கொண்ட ஒரே பாறையாலான ஒற்றைக்கல் மண்டபம் அமைந்தது. அதன்மேல் விழுந்து வணங்குபவரும் அவருடைய உடைமையும் எம்பெருமானுக்கே சொந்தமாகிவிடுவர் என்பது அங்குள்ள நியதி. ஆகவே பிறர் அங்கே தண்டனிடுவதில்லை.

கொல்லம் 925-ஆம் ஆண்டு மகரம் 5-ஆம் நாள், அதாவது 1750-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள், மன்னர் தம் வாரிசுகளுடன் திருக்கோயிலுக்குச் சென்றார். அந்த ஒற்றைக்கல்லின் மேல் உடைவாளை வைத்தார். தாம் வென்ற நாடு முழுவதையும் ஸ்ரீ பத்மநாபஸ்வாமிக்குத் தானம் செய்து எழுதிய ஓலையைத் திருவடியில் ஸமர்ப்பித்தார். பின்னர் அவ்வாளை எம்பெருமானின் ஊழியராகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். திருப்படித்தானம் எனப் பெயர் பெற்றது இந்நிகழ்ச்சியே. அன்று முதல் ஸ்ரீ பத்மநாபதாஸர் என்பது திருவிதாங்கூர் மன்னர்களின் முதற்பெயராயிற்று.

இஃது ஒரு ராஜதந்திரம் என்பாருண்டு. நாடு ஸ்வாமியினுடையதான பின் மன்னரை எதிர்ப்பவன் ஸ்வாமி துரோகியாவான். ஆகவே பகைவரை வாயடைக்கச் செய்த உபாயம் இது என அவர்கள் வாதிப்பர். அவ்வாதத்தில் உண்மை சிறிதும் இல்லை என்று தள்ளிவிட இயலாது, காலம் அத்தகையது. ஆயினும் எதிரிகளெல்லாம் ஒடுங்கி, அவரை மிஞ்ச எவரும் இல்லாத வேளையில் அவர் இதைச் செய்தார் என்பதை நோக்குக. எட்டரை யோகத்தின் அதிகாரம் ஒடுங்கிய பின், மன்னரைக் கேள்வி கேட்க நாட்டில் ஒருவரும் எஞ்சவில்லை. பிள்ளைமார் நின்ற அதே மேட்டில், அவர்களினும் உயரத்தில், இப்பொழுது அவரே நின்றார். அங்கிருந்து தாமே இறங்கி வருவதற்கு அவர் கண்ட வழி இது.

கல்குளம் பத்மநாபபுரம் என்ற திருநாமம் பெற்றது. அங்குள்ள அரண்மனையின் உப்பரிகை மாளிகையில், மேல் நிலை அறை ஸ்ரீ பத்மநாபனுக்கே ஒதுக்கப்பெற்றது. நவராத்திரிக்குச் சரஸ்வதி தேவி அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் நாளில், அம்மாளிகையில் வைத்தே மன்னரின் உடைவாள் கைமாறுகின்றது.

போர்களிலும் தண்டனைகளிலும் நேர்ந்த உயிர்க்கேடு மன்னரின் உள்ளத்தை வாட்டியதென்பர். அதற்குப் ப்ராயச்சித்தமாகவே பத்ரதீபமும், ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை 56 நாட்கள் வேதபாராயணம் நடைபெறும் முறஜபமும், அதன் நிறைவில் லக்ஷதீபமும் ஏற்படுத்தப்பெற்றன. ஒரு லக்ஷம் தீபங்களின் ஒளியை வியந்து காணும் யாத்ரீகர்களுள், அவற்றை ஏற்றத் தொடங்கியவரின் மனத்தில் இருந்த இருளை நினைப்பவர் எத்தனை பேரோ!

1758-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் மகாராஜா பரமபதம் எய்தினார். தம் பின் பட்டமேற்கவிருந்த மருமகன் கார்த்திகைத் திருநாள் இராமவர்மருக்கு அவர் சில கட்டளைகளை விட்டுச் சென்றார். திருப்படித்தானத்துக்கு மாறாக எவரும் எதுவும் செய்தல் கூடாது. வரவை மிஞ்சிச் செலவு செய்தல் கூடாது. இவை அவற்றுள் தலையாயவை. தர்மராஜா எனப் பெயரெடுத்த அம்மருமகனும் அவருக்குப் பின் வந்தோரும் திருவனந்தபுரத்தில் இருக்கும் நாட்களில் தவறாது ஸ்ரீ பத்மநாபனைத் தரிசித்து, முந்திய நாளின் செய்திகளை விண்ணப்பம் செய்யும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். தரிசனம் தவறிய நாளுக்கு மன்னர் திருக்கோயிலுக்கு அபராதம் செலுத்துவார். அது கோயில் கணக்கில் வரவு வைக்கப்படும்.